முதல் வீட்டை முதலீடாக வாங்குவது: கொழும்பில் போட வேண்டிய கணக்கு

"காணி, வீட்டில போட்ட காசு எங்கேயும் போகாது" என்று சொல்லாத பெரியவர் நம் வீடுகளில் இல்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முப்பது வருடத்துக்கு முன் வாங்கிப் போட்டவர்களைப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் இன்றைக்கு முப்பத்தைந்து வயதில், சம்பளத்தில் மிச்சம் பிடித்தது கொஞ்சம், வெளிநாட்டில் இருக்கும் அண்ணா தருவது கொஞ்சம், மீதி வங்கிக் கடன் என்று முதல் வீடு வாங்கக் கிளம்புகிறவருக்கு அந்த ஒரு வசனம் போதாது. காசு எங்கேயும் போகாது என்பது வேறு, காசு வளரும் என்பது வேறு, அவசரத்துக்கு அந்தக் காசைத் திரும்பக் கையில் எடுக்க முடியும் என்பது இன்னும் வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நிறையப் பேர் தங்கள் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய்த் தவறான இடத்தில் கொட்டுகிறார்கள்.

ஒரு வீடு முதலீடாக இருந்தால் அதிலிருந்து காசு மூன்று வழியாகத்தான் வரும். மாதாமாதம் வரும் வாடகை ஒன்று. வருடங்கள் போக ஏறும் விலை இன்னொன்று. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: கடன் எடுத்து வாங்கியிருந்தால், தவணை கட்டக் கட்ட வீட்டில் வங்கியின் பங்கு குறைந்து உங்கள் பங்கு கூடுகிறது. நீங்களே அந்த வீட்டில் குடியிருந்தால் வாடகை வருவதில்லை என்று நினைக்காதீர்கள். வேறு ஒருவருக்குக் கட்டியிருக்க வேண்டிய வாடகை உங்கள் கையிலேயே நிற்கிறதே, அதுதான் உங்கள் வாடகை வருமானம். கணக்கில் அதையும் எழுத வேண்டும்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலக்கங்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வீட்டுக்கு உங்கள் இலக்கங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிளாட்டின் விலை 3 கோடி ரூபாய். அதே கட்டடத்தில், அதே அளவு பிளாட் மாதம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு வாடகைக்குப் போகிறது. வருடத்துக்கு 14 லட்சத்து 40 ஆயிரம். விலையோடு ஒப்பிட்டால் 4.8 சதவீதம். புரோக்கர் சொல்வது இந்த இலக்கத்தைத்தான். ஆனால் ஒரு வாடகைக்காரர் போய் அடுத்தவர் வருவதற்குள் வருடத்தில் ஒரு மாதம் வீடு சும்மா கிடக்கும் என்று வையுங்கள், 1 லட்சத்து 20 ஆயிரம் போய்விட்டது. லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி என்று மாதம் 15 ஆயிரம் பராமரிப்புக் கட்டணம், அது வருடத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். சோலைவரி, பெயின்ட், பைப் உடைந்தால் திருத்துவது என்று இன்னொரு 60 ஆயிரம். மிஞ்சுவது 10 லட்சத்து 80 ஆயிரம், அதாவது 3.6 சதவீதம். இதற்கு மேல் வருமான வரியும் இருக்கிறது. வாடகை வருமானத்தில் 25 சதவீதத்தைத் திருத்தச் செலவுக்கென்று கழித்துக்கொள்ள வரிச் சட்டம் இடம் தருகிறது, மிச்சம் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்துவிடும்.

3.6 சதவீதம் என்பது நல்லதா கெட்டதா என்பது அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. பாதிக் காசு கடன் என்று வைப்போம். 1 கோடியே 50 லட்சம், 20 வருடம், வட்டி 12 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம். முதல் மாதத் தவணையில் 1 லட்சத்து 50 ஆயிரம் வட்டிக்கே போகும், அசல் கடனில் கழிவது வெறும் 15 ஆயிரம். 20 வருடத்தில் மொத்தமாகக் கட்டுவது 3 கோடியே 96 லட்சம். வாடகையில் கையில் நிற்பது மாதம் 90 ஆயிரம் என்பதால், மாதாமாதம் 75 ஆயிரம் உங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும். "வாடகை தவணையைக் கட்டிக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் வைத்துப் போடுங்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். உங்கள் சொந்தக் காசு, வாங்கும் செலவையும் சேர்த்து 1 கோடியே 65 லட்சம் போயிருக்கிறது. அதை வங்கியில் நிலையான வைப்பில் 8 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வருடம் 13 லட்சத்து 20 ஆயிரம் வந்திருக்கும். அது கைவிட்டுப் போன வருமானம். கடனுக்கு முதல் வருடம் கட்டும் வட்டி கிட்டத்தட்ட 18 லட்சம். இரண்டையும் கூட்டி, செலவு போகக் கையில் நிற்கும் வாடகையைக் கழித்தால் 20 லட்சத்துக்குச் சற்று மேல் இடைவெளி. 3 கோடி பெறுமதியான வீடு வருடத்துக்குக் கிட்டத்தட்ட 7 சதவீதம் விலை ஏறினால்தான் நீங்கள் நட்டமும் இலாபமும் இல்லாத இடத்தில் நிற்கிறீர்கள். அதற்கு மேல் ஏறுவதுதான் இலாபம். அதற்காக வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் எவ்வளவு பாரத்தை ஏற்றி வைக்கிறீர்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

என் எண்ணம் இதுதான்: முதல் வீட்டை நீங்கள் குடியிருப்பதற்கு வாங்குங்கள், ஆனால் வாடகைக்கு வருகிறவனின் கண்ணாலும், நாளைக்கு உங்களிடம் வாங்கப் போகிறவனின் கண்ணாலும் பார்த்து வாங்குங்கள். இதற்கு வரியிலும் ஒரு காரணம் இருக்கிறது. வீட்டை விற்கும்போது கிடைக்கும் ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. தனிநபருக்கு 10 சதவீதமாக இருந்தது, 2025 ஏப்ரலில் இருந்து 15 சதவீதம். ஆனால் அது உங்கள் பிரதான வதிவிடமாக இருந்து, விற்பதற்கு முந்திய மூன்று வருடம் தொடர்ந்து உங்கள் பெயரில் இருந்து, அந்த மூன்றில் குறைந்தது இரண்டு வருடம் நீங்கள் அங்கே குடியிருந்திருந்தால் அந்த வரி இல்லை. வாங்கி, இருந்து, பிறகு பெரிய வீட்டுக்கு மாறும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வட்டி என்ற ஆபத்து

பெரும்பாலான வீட்டுக் கடன்களில் முதல் ஓரிரு வருடமோ ஐந்து வருடமோதான் வட்டி நிலையாக இருக்கும். அதற்குப் பிறகு சந்தை வீதத்தோடு ஏறி இறங்கும். கடன் கடிதத்தில் "சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதம்" என்று நீளமாக எழுதி, அதாவது வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கடன் வட்டியின் சராசரி, அதோடு இத்தனை சதவீதம் கூட்டி என்று போட்டிருப்பார்கள். அந்த வரியைக் கடந்து போகாதீர்கள். 2022 ஏப்ரல் 8-ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருட முடிவுக்குள் சந்தை வீதம் 20 சதவீதத்தைத் தாண்டிப் போனது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களின் தவணை என்ன ஆகியிருக்கும் என்று மேலே உள்ள உதாரணத்திலேயே பாருங்கள்: 12 சதவீதத்தில் 1 லட்சத்து 65 ஆயிரமாக இருந்தது, 15 சதவீதத்தில் 1 லட்சத்து 97 ஆயிரத்துக்கு மேல், 20 சதவீதத்தில் 2 லட்சத்து 55 ஆயிரம். சம்பளம் அப்படியே இருக்க, சாமான் விலையும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதப் பணவீக்கத்தைக் காட்டியது.

ஆகவே வங்கியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நிலையான வட்டி எத்தனை வருடம்? அதற்குப் பிறகு மேல்வரம்பு ஏதாவது உண்டா? இடையில் ஒரு தொகையைக் கொண்டுவந்து கட்டினால் தண்டம் உண்டா? பிறகு வீட்டில் வந்து, வட்டி 5 சதவீதம் ஏறினாலும் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். கணவன் மனைவி இருவரின் சம்பளத்திலும் கடன் எடுத்திருந்தால், பிள்ளை பிறந்து ஒருவர் ஒரு வருடம் வீட்டில் இருந்தாலும் கட்ட முடியுமா என்று பாருங்கள். குறைந்தது ஆறு மாதத் தவணையைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு வாங்குங்கள். முற்பணத்துக்காகக் கடைசிச் சதம் வரை துடைத்துக் கொடுத்துவிட்டு வாங்குவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

வங்கி எவ்வளவு தரும் என்பதிலும் பலர் ஏமாறுவார்கள். நீங்கள் பேசிய விலையில் இத்தனை சதவீதம் என்று நினைத்துப் போவீர்கள், வங்கியோ தன் மதிப்பீட்டாளர் போடும் பெறுமதியில்தான் ஒரு பங்கைத் தரும். மதிப்பீடு விலைக்குக் கீழே வந்தால் இடைவெளி உங்கள் தலையில். கடனுக்குப் போகுமுன் கடன் தகவல் பணியகத்திலிருந்து, அதாவது எல்லோரும் சொல்லும் "கிரிப்" அறிக்கையை, நீங்களே எடுத்துப் பாருங்கள். எப்போதோ மறந்துபோன ஒரு கிரெடிட் கார்ட் நிலுவை அங்கே உட்கார்ந்திருக்கலாம். ஊழியர் சேமலாப நிதியில் உள்ள தொகையில் 75 சதவீதம் வரை பிணையாகக் காட்டி வீட்டுக் கடன் எடுக்கும் வழியும் இருக்கிறது. நல்ல வழிதான், ஆனால் தவணை தவறினால் வயதான காலத்துக்கென்று வைத்த காசு கரையும்.

விலை ஏறியது என்றால், எந்தக் காசில்?

2021-இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அப்போது 2 கோடிக்கு வாங்கிய பிளாட் ஒரு லட்சம் டொலர். இன்று அது 3 கோடிக்கு விற்கிறது, டொலர் 300 ரூபாய் என்றால், அதே ஒரு லட்சம் டொலர். ரூபாயில் 50 சதவீதம் ஏறியிருக்கிறது, டொலரில் ஒரு சதமும் இல்லை. ரூபாயில் சம்பளம் எடுத்து ரூபாயில் வாழ்கிறவருக்கு, வங்கியில் கிடந்த காசைவிட வீடு காப்பாற்றியது என்று சொல்லலாம். லண்டனில் இருந்து காசு அனுப்பிய தம்பிக்கு அதே வீடு ஒன்றும் தரவில்லை. கூட்டாகக் காசு போடும் குடும்பங்களில் இந்த வித்தியாசத்தை முதலிலேயே உட்கார்ந்து பேச வேண்டும்.

அதோடு சேர்த்து இன்னொன்றையும் பேசிவிடுங்கள்: உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், யார் பெயரில்? வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்து, இலங்கைக் குடியுரிமையை விட்டு, இரட்டைக் குடியுரிமையும் எடுக்காதவருக்குக் காணியை எழுதுவதை 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. மாடிக் குடியிருப்பில் உள்ள வீட்டுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு, ஆனால் முழு விலையும் வெளிநாட்டு நாணயமாக முன்கூட்டியே உள்ளே வந்திருக்க வேண்டும். இதைத் தெரியாமல் "இப்போதைக்கு உன் பெயரில் இருக்கட்டும்" என்று தம்பி காசில் அக்காவின் பெயரில் வாங்கி, பத்து வருடம் கழித்து முகம் பார்க்காமல் போன குடும்பங்கள் உண்டு. அது கடனா, பங்கா, அன்பளிப்பா என்று ஒரு சட்டத்தரணி முன் எழுதிக்கொள்வது உறவைக் காப்பாற்றும்.

உறுதியும் தோம்பும்

இனிச் சொல்வதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. வாடகைக் கணக்குப் பிழைத்தால் சில லட்சம் நட்டம். உறுதி பிழைத்தால் முழுதும் போகும். வாங்கும்போது யாரும் கேட்காத பழைய பிரச்சினை, நீங்கள் விற்கப் போகும்போது அந்தப் பக்கத்துச் சட்டத்தரணியின் வாயிலிருந்து வரும்.

இலங்கையில் அசையாச் சொத்து கைமாறுவது நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதியால் மட்டும்தான். 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் இருந்தே இது இருக்கிறது. வெள்ளைத் தாளிலும் சத்தியக் கடதாசியிலும் "வீட்டை இன்னாருக்குக் கொடுத்தேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்து, சாவியையும் தந்து, காசையும் வாங்கினால் சட்டத்தின் முன் வீடு கைமாறவில்லை. கொழும்பின் வடக்குப் பக்கத்தில் அரசாங்கம் கொடுத்த தொடர்மாடி வீடுகள் சில இப்படிக் கடிதத்தில் கைமாறுகின்றன. விலை பாதியாகத் தெரியும். தயவுசெய்து முதல் வீட்டை அப்படி வாங்காதீர்கள். வங்கிக் கடனும் கிடைக்காது, பின்னால் விற்கவும் முடியாது.

உறுதி எழுதினால் மட்டும் போதாது, அது காணிப் பதிவகத்தில் பதிவாக வேண்டும். ஒரே வீட்டை ஒருவர் இரண்டு பேருக்கு எழுதினால், 1927-ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, காசு கொடுத்து நேர்மையாக வாங்கி முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. பதிவகத்தில் ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் உண்டு. அந்தப் பக்கத்தின் பிரதியை எடுத்துப் பார்ப்பதைத்தான் நம் ஆட்கள் தோம்பு பார்ப்பது என்கிறார்கள். பிரதியைக் கையில் வாங்கியதும் மேலே இருக்கும் எல்லைகளை விற்பவர் காட்டும் உறுதியின் அட்டவணையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்: வடக்கே என்ன, கிழக்கே என்ன, எத்தனை பேர்ச்சஸ், எந்த நில அளவையாளரின் எந்த இலக்கப் படம், எந்தத் திகதி. அதற்குக் கீழே வரிசையாகக் கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், என்ன வகை உறுதி, நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம் என்று போகும். ஒரு வரியில் வாங்கியவர் அடுத்த வரியில் கொடுத்தவராக வர வேண்டும். இடையில் ஒரு பெயர் அறுந்தால் அங்கே விரலை வைத்துக்கொண்டு "இவருக்கு இது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். ஈட்டு உறுதி ஒன்று பதிந்திருந்தால், அதை மீட்ட பதிவும் பின்னால் இருக்கிறதா பாருங்கள். வழக்கு ஏதாவது பதிந்திருக்கிறதா பாருங்கள். வழக்கமாக முப்பது வருடமாவது பின்னே போய்த் தேட வேண்டும், உங்கள் சட்டத்தரணி அதைச் செய்வார். "உங்கள்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். விற்பவரின் நொத்தாரிசையே இரண்டு பக்கத்துக்கும் வைத்துச் செலவைக் குறைக்காதீர்கள்.

நம் ஆட்களிடம் வாங்கும்போது தனியாகப் பார்க்க வேண்டிய சில உண்டு. விற்பவர் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட திருமணமான பெண் என்றால், வீடு அவர் தனிப்பெயரில் இருந்தாலும் விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். வீடு கொழும்பில் இருக்கிறது, யாழ்ப்பாணச் சட்டம் இங்கே எதற்கு என்று கேட்பார்கள். திருமணச் சொத்து விஷயத்தில் அந்தச் சட்டம் ஆளைத் தொடர்ந்து வரும், ஊரோடு நின்றுவிடாது. திருமணத்துக்குப் பிறகு உழைப்பில் வாங்கியது என்றால் அது கணவன் மனைவி இருவருக்கும் பங்குள்ள தேடிய தேட்டமா என்ற கேள்வியும் எழும். கணவன் மனைவி இருவரும் கையெழுத்து வைத்தால் நிம்மதி.

சீதனமாகவோ அன்பளிப்பாகவோ வந்த வீடு என்றால் நன்கொடை உறுதியை வாசியுங்கள். தாய் தகப்பன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதியிருந்தால், அவர்கள் உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமை அவர்களுக்குத்தான். நன்கொடையை, பெற்றவர் மிக மோசமான நன்றிகேடு செய்தார் என்ற காரணத்தைக் காட்டி நீதிமன்றம் மூலம் மீளப் பெறவும் முடியும். அதனால்தான் நன்கொடை உறுதி என்றதும் வங்கிகள் தயங்குகின்றன. கொடுத்தவர் உயிரோடு இருந்தால் அவரையும் உறுதியில் சேர்த்துக் கையெழுத்து வாங்க முடியுமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். பிரிக்காத பங்குக் காணி என்றால், மற்றப் பங்காளர்களோடு ஒருநாள் பிரிவினை வழக்குக்குப் போக நேரலாம், அந்த வழக்குகள் பல வருடம் இழுபடும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்காக அற்றோணித் தத்துவத்தில் ஒருவர் விற்கிறார் என்றால், அந்தப் பத்திரம் பதிவானதா, இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். சொந்தக்காரரோடு வீடியோ அழைப்பில் நீங்களே பேசுங்கள். அவர் இறந்திருந்தால் அந்தத் தத்துவமும் அவரோடு முடிந்தது.

கொழும்பில் உறுதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்படும். வாசித்து விளங்கப்படுத்தியதாக நொத்தாரிசு கடைசிப் பக்கத்தில் அத்தாட்சி எழுதுகிறார், காசு தன் முன்னால் கைமாறியதா என்பதையும் அங்கேதான் எழுதுகிறார். விளங்காமல் தலையாட்டிக் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். விலையை வங்கிக் காசோலையில் கொடுங்கள், காசோலை இலக்கம் உறுதியில் வரட்டும்.

பிளாட் என்றால்

மாடிக் குடியிருப்புக்கு 1973-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டம் இருக்கிறது. முழுக் கட்டடத்துக்கும் ஒரு கூட்டாதனப் படம் பதிவாகி, ஒவ்வொரு வீடும் தனி அலகாக வந்தால்தான் உங்கள் பிளாட்டுக்குத் தனி உறுதி. அப்படி இல்லாமல் "காணியில் இத்தனையில் ஒரு பங்கு" என்று எழுதித் தந்தால் நீங்கள் வாங்குவது பிளாட்டை அல்ல, ஒரு பங்குக் காணியை. அனுமதித்த படத்தின்படியே கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ் கட்டடத்துக்குக் கிடைத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஐந்து மாடிக்கு அனுமதி எடுத்து ஆறாவதையும் ஏழாவதையும் கட்டிய கட்டடங்களில் மேல்மாடிதான் காற்றோட்டம், மேல்மாடிதான் மலிவு. அந்தச் சான்றிதழ் இல்லாததுதான் அந்த மலிவுக்குக் காரணம். வாகனத் தரிப்பிடம் உறுதியில் துணை அலகாக எழுதப்பட்டிருக்க வேண்டும், "அந்த மூலையில் விடுங்கோ" என்று வாயால் சொன்னது நாளைக்கு நிற்காது.

எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒழுங்காக நடக்கிறதா என்பதை லிஃப்டுக்குள் நின்றாலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஆனாலும் கணக்கைக் கேளுங்கள்: எத்தனை பேர் பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் இருக்கிறார்கள், பெரிய திருத்தத்துக்கென்று சேமிப்பு எவ்வளவு இருக்கிறது. கடற்கரையோரம் மெரின் டிரைவ் பக்கம் என்றால் பல்கனியின் அடிப்பக்கத்தை நிமிர்ந்து பாருங்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கொங்கிரீட் வெடித்துப் பழுப்பு நிறக் கோடு ஓடியிருந்தால், சில வருடத்தில் எல்லா வீட்டுக்காரரிடமும் பெரிய தொகை ஒன்று கேட்கப் போகிறார்கள். மேல்மாடிக் குழாயைக் காலை ஏழு மணிக்குத் திறந்து பாருங்கள், பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டுத் தண்ணீர் நன்றாக வருகிறது என்று முடிவுகட்ட வேண்டாம்.

கட்டி முடியாத பிளாட்டைப் படத்தைப் பார்த்து முற்பணம் கொடுத்து வாங்குவது விலை குறைவு என்பதால் இழுக்கும். 2022-இல் சீமெந்து, கம்பி விலை ஏறி, இறக்குமதியும் தடைப்பட்டுப் பல கட்டடங்கள் பாதியில் நின்றன. வாங்குவதென்றால் காணியின் உறுதி யார் பெயரில், அது எந்த வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருக்கிறது, பிந்தினால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், தவணையும் கட்டட வேலை நகர நகரத்தான் போக வேண்டும். சொன்ன விலைக்குள் வற் வரி அடங்குமா என்றும் எழுத்தில் கேளுங்கள்.

இடத்தைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை, உங்கள் ஊர் உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் விலைக்கு வாடகை குறைவாகத் தெரியும், ஆனால் கோவில், பாடசாலை, கடை, ரயில் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால் வாடகைக்கு ஆள் உடனே கிடைக்கும். வத்தளை, ஹெந்தளைப் பக்கம் அதே காசுக்குக் காணியோடு வீடு கிடைக்கலாம். களனி கங்கைக்கு அண்டிய தாழ்ந்த பகுதி என்றால் 2016 மே வெள்ளத்தில் அந்த ஒழுங்கையில் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று நாலு வீட்டில் கேளுங்கள். விற்பவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். காணியோடு வாங்கினால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ வீதிக் கோட்டுச் சான்றிதழ் எடுங்கள். வீதி அகலிக்கும்போது முன்பக்கத்தில் எத்தனை அடி போகும் என்பது அதில்தான் தெரியும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, நம் ஊர்ப் பரப்பு ஒன்றுக்குப் பத்துப் பேர்ச்சஸ். எட்டுப் பேர்ச்சஸில் மூன்று அடி அகலம் முன்னால் போனால் மதில் மட்டும் போவதில்லை, வண்டி விடும் இடமும் போய்விடும்.

கையெழுத்து நாளும் அதற்குப் பிறகும்

விலைக்கு மேலே முத்திரைத் தீர்வை இருக்கிறது: முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 3 கோடி வீட்டுக்கு 11 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய். நொத்தாரிசுக் கட்டணம் பெரும்பாலும் விலையில் ஒரு சதவீதத்தை ஒட்டி வரும், பேசிக் குறைக்கலாம். தரகர் கூலி, வங்கியின் மதிப்பீட்டுச் செலவு, ஈட்டு உறுதிச் செலவு எல்லாம் தனி. வங்கி இந்தச் செலவுகளுக்குப் பொதுவாகக் கடன் தருவதில்லை, கைக்காசுதான்.

தீர்வையை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தீர்வை சந்தைப் பெறுமதிக்குத்தான், எழுதிய விலைக்கு அல்ல, மாகாண இறைவரித் திணைக்களம் பிறகு மிச்சத்தைக் கேட்கலாம். அதைவிட, 3 கோடிக்கு வாங்கி 2 கோடி என்று எழுதினால், நாளைக்கு நீங்கள் விற்கும்போது ஆதாயம் ஒரு கோடி கூடுதலாகத் தெரியும், வரியும் அதற்கேற்ப வரும். குறைத்து எழுதியதால் இலாபம் பார்த்தவர் விற்றுவிட்டுப் போனவர்தான்.

கையெழுத்து முடிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சில வாரம் கழித்து உறுதி பதிவாகி வந்ததும் தோம்பின் புதிய பிரதியை எடுத்து, உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், எல்லை எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சோலைவரிப் பதிவில் பெயரை மாற்றுங்கள், அதற்கு முன் பழைய நிலுவை எல்லாம் விற்பவர் கட்டிய பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மின்சாரக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் உங்கள் பெயருக்கு எடுங்கள். வாடகைக்குக் கொடுப்பதென்றால் சொந்தக்காரர் மகன் என்றாலும் எழுத்தில் குத்தகை ஒப்பந்தம் போடுங்கள், முடியும் திகதியோடு. காலம் முடிந்தும் போகாதவரிடமிருந்து வீட்டைச் சுருக்கமான வழக்கு நடைமுறையில் மீட்க 2023-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது, அந்த வழியைப் பிடிக்க முதலில் கையில் ஒரு ஒப்பந்தம் இருக்க வேண்டும். வங்கிக்கு ஈடு வைத்திருந்தால் மூல உறுதி அவர்களிடம் இருக்கும். அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்றை வாங்கி, நில அளவைப் படம், இணக்கச் சான்றிதழ், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றோடும் ஒரே கோப்பில் வையுங்கள், அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.